வீட்டு ஹாட் டப்புக்கான மின் இணைப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூடான நீரில் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கான தொட்டியான ஹாட் டப்பை வாங்க முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் எத்தனை பேர் அமரலாம், எத்தனை நீர்த்தாரைகள் உள்ளன, தோட்டத்தில் எந்த மூலையில் வைத்தால் அழகாக இருக்கும் என்பவற்றை முதலில் பார்க்கிறார்கள். மின் இணைப்பைப் பற்றிய பேச்சு, தொட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. தொட்டியை எங்கே வைக்கலாம், எவ்வளவு தடிமனான கேபிள் இழுக்க வேண்டும், வீட்டின் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் வாங்கப்படும் தொட்டி, பல நேரங்களில் அதன் விலையோடு ஒப்பிடத்தக்க கூடுதல் செலவை இழுத்துவிடும்.

இந்த வேலையை வீட்டு உரிமையாளர் தன் கையால் செய்வதற்காக இது எழுதப்படவில்லை. தண்ணீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேரும் வேலை என்பதால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே இதை ஒப்படைக்க வேண்டும். பல இடங்களில் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் ஹாட் டப் இணைத்துப் பழகியவர்கள் அல்லர். என்ன கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம், எந்தக் குறுக்குவழியை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது தெரிந்த உரிமையாளருக்குத்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

விதிகளைப் பொறுத்தவரை உலகில் இரண்டு பெரிய மரபுகள் உள்ளன. அமெரிக்காவில் தேசிய மின் விதித்தொகுப்பான என்இசியின் 680வது பிரிவு நீச்சல் குளங்களையும் ஹாட் டப்களையும் சேர்த்து ஆள்கிறது. 230 வோல்ட் மின்சாரம் புழங்கும் நாடுகள் பலவற்றின் விதிகள், ஐஇசி 60364 என்ற பன்னாட்டுத் தரத்தின் 702வது பகுதியைத் தழுவியவை. அளவுகள் மாறினாலும் இரண்டின் நோக்கமும் ஒன்றே. கீழே வரும் எண்கள் எந்த மரபைச் சேர்ந்தவை என்பதைக் குறிப்பிட்டிருக்கிறேன்; உங்கள் ஊரில் நடப்பிலுள்ள விதியே இறுதியானது.

முதல் படி: விவரத் தகட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு தொட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அருகிலும் ஒரு விவரத் தகடு இருக்கும். அதிலுள்ள வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் ஆகிய மூன்று எண்களையும் வாங்குவதற்கு முன்பே விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான தொட்டி 60 ஹெர்ட்ஸில் இயங்குவது. அதை 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்குக் கொண்டுவந்தால் பம்பு மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடாகவும் செய்யும். இறக்குமதித் தொட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஹெர்ட்ஸ் எண்ணைத்தான்.

தொட்டிகள் இரு வகைப்படும். முதல் வகை, பிளக்கைச் சொருகி ஓட்டுவது. அமெரிக்காவில் 120 வோல்ட், 15 அல்லது 20 ஆம்பியரிலும், 230 வோல்ட் நாடுகளில் 13 அல்லது 16 ஆம்பியரிலும் இவை வேலை செய்கின்றன. ஹீட்டரும் பம்பின் உச்ச வேகமும் ஒரே நேரத்தில் ஓடாதபடி இவற்றின் உள்ளேயே தடை வைத்திருப்பார்கள். அதனால் குளிர்ந்த இரவில் நீர்த்தாரைகளை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் மெல்ல ஆறிக்கொண்டே வரும். இரண்டாவது வகை, நிலையாக இணைக்கப்படுவது. அமெரிக்காவில் 240 வோல்ட்டில் 40, 50 அல்லது 60 ஆம்பியர் தனி இணைப்பும், 230 வோல்ட் நாடுகளில் பெரும்பாலும் 32 ஆம்பியர் தனி இணைப்பும் இதற்குத் தேவைப்படுகின்றன.

இரண்டாவது வகைத் தொட்டிகள் பலவற்றின் கட்டுப்பாட்டுப் பலகையில், அதிக ஆம்பியர், குறைந்த ஆம்பியர் என இரண்டு நிலைகளில் வைக்கக்கூடிய சிறு சுவிட்சு ஒன்று இருக்கும். குறைந்த நிலையில் பெரிய பம்புகள் ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும். வீட்டு இணைப்பின் கொள்ளளவு போதவில்லை என்று தெரியவந்தால், மின் இணைப்பையே பெரிதாக்குவதற்கு முன் இந்த வசதி உங்கள் தொட்டியில் உள்ளதா என்று கேளுங்கள். சூடேற நேரம் கூடுமே தவிர வேறு இழப்பு இல்லை.

இரண்டாவது படி: சுமையைக் கணக்கிடுங்கள்

ஹாட் டப்பின் மின்சுமை மற்ற வீட்டுக் கருவிகளின் சுமையைப் போன்றதன்று. 1,500 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி செல்சியஸிலிருந்து, இத்தகைய தொட்டிகளின் வழக்கமான மேல் வரம்பான 40 டிகிரிக்குக் கொண்டுவர, வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்காமலேயே ஏறத்தாழ 44 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல், 5.5 கிலோவாட் ஹீட்டர் என்றால் எட்டு மணி நேரம், இடைவெளியின்றி முழுச் சுமையில் ஓட வேண்டும். என்இசி மூன்று மணி நேரத்துக்கு மேல் உச்ச அளவில் நீடிப்பதைத் தொடர் சுமை என்கிறது. ஆக, தொட்டியை நிரப்பி முதன்முதலாகச் சூடேற்றும் நாளே உங்கள் வயரிங்கிற்கு வரும் மிகக் கடுமையான சோதனை. சற்றே தளர்வாக முறுக்கப்பட்ட டெர்மினல் திருகு, மின் அடுப்பைச் சிறிது நேரம் போட்டு அணைக்கும் இணைப்பில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கலாம். இங்கே ஒரே இரவில் கருகிவிடும்.

இதனால்தான் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதன் 125 சதவீதத்தைத் தாங்கும்படி கேபிளையும், மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் பிரேக்கரையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: 240 வோல்ட்டில் 5.5 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 23 ஆம்பியர் இழுக்கும்; 125 சதவீதத்தில் அது 29 ஆம்பியரைத் தொடும். அதன் மேல் இரண்டு பம்புகளையும் காற்றூதியையும் கட்டுப்பாட்டுச் சுற்றையும் கூட்டினால் 50 ஆம்பியர் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். ஆயினும் தயாரிப்பாளரின் கையேட்டில் பிரேக்கர் அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதுவே செல்லும். அதைவிடப் பெரிய பிரேக்கரைப் போடுவது பாதுகாப்பைக் கூட்டுவதாகாது, குறைப்பதாகும்.

அடுத்து, வீட்டின் முதன்மை இணைப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் கணக்கிட வேண்டும். ஏசி, வாட்டர் ஹீட்டர், மின் அடுப்பு, மின்கார் சார்ஜர் ஆகியவை ஏற்கெனவே உள்ள வீட்டில் 32 ஆம்பியரோ 50 ஆம்பியரோ கூடுதலாகச் சேர்ப்பது சிறிய விஷயமன்று. டிபி போர்டில், அதாவது மின்சாரத்தைப் பல சுற்றுகளுக்குப் பிரித்தளிக்கும் பெட்டியில், ஒரு காலி இடம் இருக்கிறது என்பதற்கும் மின் இணைப்பில் கொள்ளளவு இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொட்டிக்குள் இருப்பவர் கையை நீட்டினால் எந்த மின்பொருளும் எட்டக் கூடாது. இட விதிகள் அனைத்தும் இந்த ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தவையே.

ஐஇசி மரபில் தொட்டியைச் சுற்றி மண்டலங்கள் வகுக்கப்படுகின்றன. தண்ணீருக்குள் இருப்பது மண்டலம் 0. அங்கே 12 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு (ஏசி) மேற்படாத, தனிமைப்படுத்தப்பட்ட தாழ் மின்னழுத்தம் மட்டுமே அனுமதி. விளிம்பிலிருந்து 2 மீட்டர் தூரமும் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரமும் மண்டலம் 1. அதற்கு வெளியே மேலும் 1.5 மீட்டர், மண்டலம் 2. சாதாரண சாக்கெட்டுகளையும் சுவிட்சுகளையும் இந்த மண்டலங்களுக்கு வெளியே, அதாவது விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால், வைத்துவிட்டால் விவாதத்துக்கே இடமில்லை.

அமெரிக்க விதியில் மண்டலங்கள் இல்லை, தூரங்கள் உண்டு. சாக்கெட்டுகள் தொட்டியின் உட்சுவரிலிருந்து குறைந்தது 1.8 மீட்டர், சுவிட்சுகள் 1.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கப்படும் தொட்டிக்கு நேர் மேலே விளக்கு இருந்தால், மின்கசிவுப் பாதுகாப்பு உள்ள விளக்கு 2.3 மீட்டர் உயரத்திலும், இல்லாத விளக்கு 3.7 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மேல்நிலைக் கம்பிக்குக் கீழே தொட்டியை வைப்பதை எண்ணியும் பார்க்க வேண்டாம்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று, பராமரிப்புக் கதவு. மின் உறுப்புகளும் பம்பும் உள்ள பக்கத்தின் பலகையைக் கழற்றி, ஒருவர் மண்டியிட்டு வேலை செய்ய இடம் வேண்டும். அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால், முதல் பழுதின்போது தண்ணீரை வடித்துவிட்டு முழுத் தொட்டியையும் நகர்த்த நேரிடும்.

நான்காவது படி: கேபிளும் அதன் பாதையும்

கேபிளின் தடிமனைத் தீர்மானிப்பவை இரண்டு: அது சூடாகாமல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதும், தூரத்தால் எவ்வளவு வோல்ட் இழக்கும் என்பதும். 230 வோல்ட், 32 ஆம்பியர் இணைப்பு ஒன்று 30 மீட்டர் போக வேண்டியிருந்தால், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் முழுச் சுமையில் சுமார் 7 வோல்ட் குறையும். 10 சதுர மில்லிமீட்டரில் அது சுமார் 4 வோல்ட்டாகிவிடும். 7 வோல்ட் என்பது மூன்று சதவீதம்தான். ஆனால் ஹீட்டரின் திறன் வோல்ட்டின் இருமடிப்படி குறைவதால், ஹீட்டர் ஆறு சதவீதம் இழக்கிறது. மணலில் புதைத்த கேபிள், சூடான மாடிக்கூரை வழியாகப் போகும் கேபிள், பிற கேபிள்களோடு ஒரே குழாயில் நெருக்கியடித்துப் போகும் கேபிள் ஆகியவற்றின் தாங்குதிறன் வெவ்வேறு. விதிப்புத்தக அட்டவணையைப் பார்க்காமல் வழக்கமாக இதைத்தான் போடுவோம் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 50, 60 ஆம்பியர் தொட்டிகளுக்கு அந்நாட்டுக் கம்பித் தடிமன் அளவான கேஜ்படி 6 கேஜ் செம்புக் கம்பி வழக்கம். தொட்டியின் டெர்மினல்கள் பொதுவாகச் செம்புக்காகவே அமைந்தவை. அலுமினியக் கம்பி இங்கே வேண்டாம். அங்கே தொட்டிகள் பலவற்றுக்கு நான்கு கம்பிகள் வேண்டும்: மின்சாரம் கொண்டுவரும் இரண்டு லைன்கள், அதைத் திருப்பி எடுத்துச் செல்லும் ஒரு நியூட்ரல், கசிவுக்கான ஒரு எர்த். எல்லா உறுப்புகளும் 240 வோல்ட்டிலேயே ஓடும் சில தொட்டிகளுக்கு நியூட்ரல் தேவையில்லை, மூன்று கம்பிகள் போதும். உங்கள் தொட்டி எந்த வகை என்பதைக் குழி தோண்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எர்த் கம்பியும் காப்புறையோடு இருக்க வேண்டும். குளோரின் கலந்த ஈரக்காற்றும் மண்ணின் ஈரமும் வெறும் செம்பை அரித்துவிடும். லைன் அறுந்தால் தொட்டி நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும், ஆனால் எர்த் அறுந்தால் எதுவும் நிற்காது, யாருக்கும் தெரியாது.

நிலத்தடிப் பாதைக்கு என்இசி தரும் பொது ஆழங்கள்: பிவிசி குழாய்க்குள் போனால் 45 சென்டிமீட்டர், நேரடியாகப் புதைக்கத் தகுந்த கேபிளுக்கு 60 சென்டிமீட்டர், தடித்த உலோகக் குழாய்க்கு 15 சென்டிமீட்டர். 230 வோல்ட் நாடுகள் சிலவற்றில் எஃகுக் கம்பிக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிளைப் புதைப்பது வழக்கம். எதுவானாலும் கேபிளுக்கு மேலே எச்சரிக்கை நாடாவைப் போடச் சொல்லுங்கள். மண்ணை மூடும் முன் அளவு நாடாவைக் குழிக்குள் நிறுத்தி, வீட்டுச் சுவர் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். ஆய்வாளர் வர வேண்டிய ஊர்களில் அவர் பார்க்கும் வரை குழி திறந்தே கிடக்க வேண்டும். மூடிவிட்டால் மீண்டும் தோண்டச் சொல்வார்.

பிளக் வகைத் தொட்டியாக இருந்தாலும் நீட்டிப்பு வயர் கூடாது. தொட்டியோடு வரும் வயரின் நீளமே எல்லை; அமெரிக்க விதியில் அதுகூட 4.6 மீட்டரைத் தாண்ட முடியாது. அந்த சாக்கெட்டில் வேறு எந்தக் கருவியும் சேரக் கூடாது. அது டிபி போர்டிலிருந்து தனியாக வரும் லைனாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது படி: மின்கசிவுப் பாதுகாப்பு

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். டிபி போர்டிலுள்ள எம்சிபி என்ற சாதாரண பிரேக்கர் கேபிளைக் காக்கிறது, மனிதரைக் காப்பதில்லை. 50 ஆம்பியர் பிரேக்கருக்கு, ஒருவர் உடல் வழியே ஓடும் 0.1 ஆம்பியர் கண்ணிலேயே படாது. அந்த அளவோ உயிரைப் பறிக்கப் போதுமானது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், மின்சாரம் பிடித்த கையை மனிதர் தாமாக விடுவித்துக்கொள்ளக்கூடிய மின்னோட்டம் எவ்வளவு என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தவர். அவர் கண்ட சராசரி, ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். 1961இல் மின்கசிவுத் துண்டிப்பானை உருவாக்கியவரும் அவரே. 1968ஆம் ஆண்டின் என்இசி, நீச்சல் குளத்து நீரடி விளக்குகளுக்குத்தான் இந்தக் கருவியை முதன்முதலில் கட்டாயமாக்கியது. குளியலறைக்கும் சமையலறைக்கும் வருவதற்கு முன்பே அது குளத்துக்கு வந்துவிட்டது என்பதிலிருந்தே அபாயம் எங்கே முதலில் உணரப்பட்டது என்பது தெரியும்.

இதன் வேலை முறை எளிது. நாணயமான கணக்கர் போல, வெளியே போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டு, குறைந்தால் துண்டித்துவிடும். ஜிஎஃப்சிஐ என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் வகை 4 முதல் 6 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும். ஆர்சிடி அல்லது ஆர்சிசிபி எனப்படும் ஐஇசி வகையில், ஹாட் டப்புக்கு உரியது 30 மில்லி ஆம்பியர். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவிகளும் சந்தையில் உண்டு. அவை தீ விபத்தைத் தடுக்க உதவுபவை, ஷாக்கிலிருந்து காப்பாற்றுபவை அல்ல. கருவியின் முகப்பில் அச்சிட்டுள்ள எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள். அதே முகப்பில் ஏசி வகையா ஏ வகையா என்பதும் இருக்கும். இன்றைய தொட்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடுகள் உள்ளதால், கசிவு மின்னோட்டத்தில் துடிப்புள்ள டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம், கலந்து வரலாம். ஏசி வகைக் கருவி அதைக் காணத் தவறக்கூடும் என்பதால் ஏ வகையையே கேளுங்கள்.

இணைக்கும்போது அடிக்கடி நேரும் பிழை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஜிஎஃப்சிஐ பிரேக்கரின் உடலிலிருந்து சுருள் வடிவில் ஒரு வெள்ளைக் கம்பி வரும். அது பெட்டியின் நியூட்ரல் பட்டையில் சேர வேண்டும். தொட்டியிலிருந்து வரும் நியூட்ரல் கம்பியோ பட்டைக்குப் போகாமல், பிரேக்கரிலேயே அதற்கென உள்ள டெர்மினலில் நுழைய வேண்டும். பழக்க தோஷத்தால் இரண்டு வெள்ளைக் கம்பிகளையும் பட்டையில் திருகிவிட்டால், தொட்டியின் நியூட்ரல் மின்னோட்டம் பிரேக்கரின் கண்ணில் படாமல் திரும்பிவிடும். பிரேக்கர் அதைக் கசிவு என்று எண்ணி, 120 வோல்ட் உறுப்பு ஏதாவது இயங்கத் தொடங்கிய உடனே விழும். புதுத் தொட்டி பழுதென்று திருப்பி அனுப்பும் முன் இந்த இரண்டு வெள்ளைக் கம்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் நாடுகளில் இதற்கு இணையான பிழை, ஆர்சிசிபியைத் தாண்டிய பிறகு தொட்டியின் நியூட்ரலை மற்றச் சுற்றுகளின் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டுவது.

ஆறாவது படி: ஐசொலேட்டர்

பழுது பார்ப்பவர் தொட்டிக்கு அருகிலேயே நின்று மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்க ஒரு சுவிட்சு வேண்டும். என்இசியின்படி அது தொட்டியிலிருந்து பார்வையில் படும்படி, 15 மீட்டருக்குள், ஆனால் உட்சுவரிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பார்வையில் பட வேண்டும் என்பதற்குக் காரணம், உள்ளே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்பது. 1.5 மீட்டருக்குக் காரணம், தண்ணீருக்குள் இருந்தபடியே யாரும் அதைத் தொடக் கூடாது என்பது. 230 வோல்ட் இணைப்பில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டை முனை ஐசொலேட்டரைப் போட்டு, மழையில் நனையும் இடமென்றால் தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி65 தரமுள்ள பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பூட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பெட்டிக்குள் கேபிள் நுழையும் வழி கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். மேலிருந்து நுழையும் கேபிளின் உறை வழியே மழைநீர் வழிந்து நேராக டெர்மினலில் இறங்கும்.

ஏழாவது படி: எர்த்திங்கும் பாண்டிங்கும்

இவை இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் எலக்ட்ரீஷியன்களிலும் உண்டு. எர்த் கம்பியின் வேலை, உலோகப் பாகத்தில் கசியும் மின்சாரம் தடையின்றித் திரும்பிப் போகும் பாதையைக் கொடுத்துப் பிரேக்கரை விழச் செய்வது. பாண்டிங்கின் வேலை, ஒரே நேரத்தில் ஒருவர் தொடக்கூடிய எல்லா உலோகங்களையும் ஒன்றாகப் பிணைத்து, அவற்றுக்கிடையே வோல்ட் வேறுபாடே இல்லாமல் செய்வது. வேறுபாடு இல்லையெனில் உடல் வழியே ஓட மின்னோட்டம் இல்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் எர்த் ராடை அடித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்ணில் அடித்த ராடின் மின்தடை 50 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் கசிந்தால் ஓடுவது 4.6 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையாது. தொட்டியின் உலோகப் பாகம் மின்சாரத்தோடு அப்படியே இருக்கும். ஆகையால் அமெரிக்க முறையில் ராடு ஒருபோதும் எர்த் கம்பிக்கு மாற்றாகாது. ராடை மட்டுமே நம்பும் டிடி முறையில் ஆர்சிடி இல்லாமல் இணைப்பே கொடுக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் விழும் கருவிக்கு 4.6 ஆம்பியர் தாராளம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில நாடுகளில் தெருவிலிருந்து வரும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வந்து வீட்டு வாசலில்தான் பிரிகின்றன. அந்தக் கம்பி தெருவில் எங்காவது அறுந்தால், வீட்டிலுள்ள எர்த் இணைந்த உலோகங்கள் எல்லாம் மின்னேற்றம் பெற்றுவிடும். வீட்டுக்குள் எல்லாமே ஒரே வோல்ட்டில் இருப்பதால் ஆபத்து குறைவு. தோட்டத்தின் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று தொட்டியைத் தொடுபவருக்கு அது பேராபத்து. இத்தகைய இணைப்புள்ள வீட்டில், வெளியே வைக்கும் ஹாட் டப்புக்கு வீட்டு எர்த்தை நீட்டாமல் தனி ராடும் ஆர்சிடியும் கொடுப்பதைப் பல எலக்ட்ரீஷியன்கள் விரும்புகிறார்கள். அப்போது ஆர்மர்டு கேபிளின் எஃகுக் கவசம் தொட்டி முனையில் எர்த்தோடு சேராதபடி பிரித்து நிறுத்தப்பட வேண்டும். உங்கள் வீட்டு இணைப்பு எந்த முறையைச் சேர்ந்தது என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

பாண்டிங்குக்கு அமெரிக்க விதி 8 கேஜ் அளவுள்ள, பின்னலற்ற ஒற்றைச் செம்புக் கம்பியைக் கேட்கிறது. தொட்டியின் மோட்டார், உலோகக் கைப்பிடி, ஏணி, அருகிலுள்ள உலோகக் குழாய்கள், சுற்றியுள்ள கான்கிரீட் தளத்தின் கம்பிவலை ஆகியவை இதில் சேரும். கம்பிவலையில் இணைப்புக் கொடுக்க வேண்டியது கான்கிரீட் கொட்டுவதற்கு முன்; பிறகு வழியில்லை. தளம் போடும் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் வெவ்வேறு நாட்களில் வருவதால் இது தவறிப்போவது வாடிக்கை.

முழுமையாகத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு, தரைக்கு மேலே வைக்கத் தகுதியுள்ளதெனச் சான்று பெற்று, வீட்டுக்குள் மட்டும் வைக்கத்தக்கது என்ற குறிப்பு இல்லாமல், தயாரிப்பாளர் சொன்னபடி நிறுவப்பட்ட தொட்டிக்குச் சுற்றுத்தளப் பாண்டிங்கிலிருந்து என்இசி விலக்கு அளிக்கிறது. ஆனால் தொட்டியின் மேல் விளிம்பு, அதைச் சுற்றி 76 சென்டிமீட்டருக்குள் உள்ள தரைப்பரப்பைவிடக் குறைந்தது 71 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏறி இறங்க வசதியாக விளிம்பு வரை மரத்தளம் கட்டினால் அந்த விலக்கு போய்விடும். போதாக்குறைக்கு, பராமரிப்புக் கதவையும் அந்தத் தளம் மறைத்துவிடும். தளம் கட்டும் ஆசை இருந்தால் முதல் நாளே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

எட்டாவது படி: சோதனையும் முதல் இயக்கமும்

மின்சாரம் கொடுக்கும் முன் எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. எர்த் கம்பியும் பாண்டிங் கம்பியும் முனையிலிருந்து முனை வரை தொடர்பறாமல் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் மின்னணுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, 500 வோல்ட் மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவியால் கேபிளின் காப்பைச் சோதிக்க வேண்டும்; 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, நல்ல புதுக் கேபிள் அதற்கு வெகு மேலே காட்டும். டெர்மினல் திருகுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், அச்சிட்ட அளவுக்கு முறுக்குவிசைத் திருப்புளியால் இறுக்க வேண்டும். மின்சாரம் வந்த பின் ஆர்சிடியைக் கருவி கொண்டு சோதிக்க வேண்டும்: 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி வினாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 40 மில்லி வினாடிக்குள்ளும் அது விழ வேண்டும். அளவுகளை எழுதிக் கையொப்பமிட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் தண்ணீர் நிரம்பும் முன் ஐசொலேட்டரைப் போடக் கூடாது. வறண்ட ஹீட்டர் சில நொடிகளில் எரிந்துவிடும். நிரப்பி, பம்பிலுள்ள காற்று வெளியேறி நீர் சீராகச் சுற்றத் தொடங்கியதும், கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் எலக்ட்ரீஷியனை ஒருமுறை அளக்கச் சொல்லி, அந்த எண்ணை விவரத் தகட்டோடு ஒப்பிடுங்கள். முதல் சூடேற்றலைப் பகலில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து பிரேக்கர் பெட்டியின் மூடிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோ இருந்தால் உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைத் திரும்ப அழையுங்கள்.

பயன்பாட்டுக்கு வந்த பிறகு

மாதம் ஒருமுறை மின்கசிவுக் கருவியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். விழவில்லையென்றால் கருவியை மாற்றும் வரை தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது.

கருவி தானாக விழுந்தால், எப்போது விழுகிறது என்பதே பாதி விடை. போட்ட உடனே விழுந்தால் பெரும்பாலும் நியூட்ரல் பிழை. சில நிமிடம் ஓடி, ஹீட்டர் இயங்கும் நேரத்தில் விழுந்தால் ஹீட்டர் சுருளின் உறையில் வெடிப்பு விழுந்து தண்ணீர் புகுந்திருக்கலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் விழுந்தால் ஐசொலேட்டர் பெட்டியிலோ இணைப்புப் பெட்டியிலோ ஈரம் இறங்கியிருக்கிறது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஓசோன் கருவி ஓடும் நேரத்தில் மட்டும் விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். இந்த விவரத்தைக் குறித்து வைத்துச் சொன்னால் பழுது பார்ப்பவரின் நேரம் மிச்சமாகும். எக்காரணம் கொண்டும் விழுகிறதே என்று அந்தக் கருவியைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்கவோ, 30 மில்லி ஆம்பியருக்குப் பதிலாக 100ஐப் போடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

தண்ணீரை மாற்றும் நாளில், வடிகுழாயைத் திறப்பதற்கு முன் ஐசொலேட்டரை அணைத்து, முடிந்தால் பூட்டிவிடுங்கள்; மீண்டும் விளிம்பின் குறியளவு வரை நிரம்பி, பராமரிப்புக் கதவு மூடப்பட்ட பிறகே அதைப் போடுங்கள். கதவு திறந்திருக்கும் அந்த ஒரு நாளில் டார்ச் விளக்கால் உள்ளே பாருங்கள்: டெர்மினல்களில் பச்சை நிறக் களிம்பு, கம்பி உறையில் பழுப்பு நிறம், எலி கடித்த தடம், தரையில் தேங்கிய ஈரம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், தொட்டியை நிரப்புவதைத் தள்ளிப்போட்டு எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை ஐசொலேட்டரை அணைத்தபடியே விட்டுவிடுங்கள்.